முளை காட்டும் வழி
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டு வெளியேறி, அன்று முதல் ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தா நான். விஞ்ஞானம் பேச எனக்குப் பட்டம் இல்லை. ஆயினும், நம் சங்க நூலகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் படித்தறிந்தவற்றை உங்கள் முன் வைக்குமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பையும், சிலருக்குச் சிறிது கோபத்தையும் தரக்கூடும். முளைகட்டிய தானியத்திலிருந்து வீட்டிலேயே பீர் ஆக்கும் கலைதான் அது.

குடிக்கச் சொல்லி நான் பேச வரவில்லை. இதை முதலிலேயே கூறிவிடுகிறேன். நாம் வாழும் லம்டிங் ஒரு சந்திப்பு. இங்கிருந்து ஒரு தடம் திமாப்பூர் வழியே மேல் அஸ்ஸாமுக்குச் செல்கிறது. மற்றொரு தடம் ஹாப்லாங் மலைகளில் ஏறித் தெற்கே செல்கிறது. இவ்விரு தடங்களின் ஓரத்திலும் வாழும் மலைமக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீடுகளில் தானிய மது ஆக்கி வருகின்றனர். நம் காலனியில் அதைக் குறித்துப் பேச்சு எழுந்தால், "காட்டுமிராண்டிப் பழக்கம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். அந்தச் சொல் நியாயமானதா? இக்கேள்விக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம். விடை தேடப் புகுந்தால், தானியமணிக்குள் நடக்கும் ஓர் அற்புதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

விதைக்குள் இருக்கும் பூட்டு

நெல்லோ, கேழ்வரகோ, பார்லியோ, எந்தத் தானியமாயினும் அதன் பெரும்பகுதி மாவுச்சத்து. இது குருத்துக்காகத் தாய்ச்செடி சேர்த்துவைத்த கட்டுச்சோறு. ஆனால் இந்தக் கட்டுச்சோறு பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மாவுச்சத்து நீரில் கரையாது. கரையாத உணவைக் குருத்து உண்ண முடியாது. பூட்டைத் திறக்கும் சாவியையும் விதையே செய்துகொள்கிறது. நீர் பட்டவுடன் கரு விழித்துக்கொள்கிறது. மாவைச் சூழ்ந்துள்ள மெல்லிய படலத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அப்படலம் நொதிகள் என்னும் சில பொருள்களைச் சுரக்கிறது. இந்நொதிகள் மாவுச்சத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. முளைத்த தானியம் நாவில் இனிப்பதற்குக் காரணம் இதுவே.

இச்சாவியை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர்கள் பாயென், பெர்சோ என்னும் இரு பிரெஞ்சு வேதியியலார். 1833-ஆம் ஆண்டில் முளைத்த பார்லியின் சாற்றிலிருந்து அதனைப் பிரித்து, 'டயாஸ்டேஸ்' என்று பெயரிட்டனர். நொதி ஒன்றை மனிதன் பிரித்தறிந்தது அதுவே முதல் தடவை. உயிர்வேதியியலின் ஒரு பெரும் கிளை பீர்ச் சாடியிலிருந்து தொடங்கியது என்று கூறின் மிகையாகாது.

இனி, முளையை மனிதன் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டான் என்பதைப் பார்ப்போம். பார்லியை ஏறக்குறைய இரண்டு நாள் நீரில் ஊறவைத்தும் வடித்தும் எடுக்கிறார்கள். பின்னர் நான்கைந்து நாள் குளிர்ந்த இடத்தில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு முளைக்க விடுகிறார்கள். முளையை அதன் போக்கிலே விட்டால், சேர்த்துவைத்த சத்து முழுவதையும் குருத்தே உண்டுவிடும். ஆகவே, சாவி தயாராகியும் கருவூலம் காலியாகாத நிலையில் மிதமான வெப்பத்தில் உலர்த்தி முளையை நிறுத்திவிடுகிறார்கள். இவ்வாறு நிறுத்தப்பட்ட தானியத்துக்கே 'மால்ட்' என்று பெயர். முளைகட்டிய கேழ்வரகை வெயிலில் காயவைத்து அரைக்கும் நம் தாய்மார்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்கள் அதை மால்ட் என்று சொல்வதில்லை, அவ்வளவே வேறுபாடு.

வீட்டு அடுப்பில் பீர்

மேலைநாடுகளில் வீட்டில் பீர் ஆக்குவோர் பின்பற்றும் முறை இது. இருபது லிட்டர் அளவுக்கு நான்கைந்து கிலோ பார்லி மால்ட்டை உடைத்துக்கொள்வார்கள். மாவாக அரைப்பதில்லை; உமி முழுதாக இருந்தால்தான் பின்னர் சாற்றை வடிகட்ட அதுவே சல்லடையாக உதவும். உடைத்ததை வெந்நீரில் கலந்து, 65 டிகிரி சென்டிகிரேடு அளவில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். இங்கே வெப்பமே எல்லாம். மால்ட்டில் முக்கியமாக இரு நொதிகள் உள்ளன. ஒன்று 60 முதல் 65 டிகிரிக்குள் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. மற்றொன்றுக்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். வெப்பம் குறைந்தால் வேலை மந்தமாகும். 80 டிகிரியைத் தொட்டுவிட்டால் இரண்டுமே செத்துப்போகும். வெப்பமானி இல்லாத காலத்தில் கையை நனைத்துப் பார்த்தும், நீரிலிருந்து எழும் ஆவியைக் கண்டும் இந்தச் சூட்டை அறிந்திருந்தார்கள்.

வேலை முடிந்ததா என்றறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சாற்றில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, அதன்மேல் அயோடின் ஒரு சொட்டு விட வேண்டும். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மீதமிருக்கிறது. நிறம் மாறாவிட்டால் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது. நம் பள்ளிப் பிள்ளைகள் உருளைக்கிழங்கை வைத்துச் செய்து பார்க்கும் சோதனைதான் இது.

பின்னர் இனிப்புச் சாற்றை வடித்து ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். கொதிக்கும்போது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்ப்பார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. பானம் விரைவில் கெட்டுப்போகாமலும் அது காக்கிறது. கொதித்த சாற்றை விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, மூடி வைக்க வேண்டும். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிர். அது சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஓரிரு வாரத்தில் பானம் தெளிகிறது. அதன் சாராயச் சத்து பெரும்பாலும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்னரே அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால், வாயுவின் அழுத்தத்தால் புட்டி வெடித்துச் சிதறும். பொறுமை இல்லாதவன் கைவைக்கக் கூடாத தொழில் இது.

இவ்வுயிரின் இருப்பை நெடுங்காலம் ஒருவரும் அறியவில்லை. ஜெர்மனியின் பவேரியா நாட்டில் 1516-ஆம் ஆண்டில் பிறந்த புகழ்பெற்ற ஆணை, பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைக் கொண்டே பீர் ஆக்க வேண்டும் என்று விதித்தது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பீரைப் பற்றிய தம் ஆராய்ச்சியை லூயி பாஸ்டர் 1876-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நுண்ணுயிர்களே பானத்தை ஆக்குகின்றன, நுண்ணுயிர்களே கெடுக்கவும் செய்கின்றன என்று விளக்கினார். 1883-ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய இனத்தை வளர்த்துக் காட்டினார். ஆனால் அறிஞர்கள் அறிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, பானையின் அடியில் தங்கிய வண்டலை எடுத்து அடுத்த பானையில் சேர்க்கவேண்டும் என்பதைப் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து ஆலைக்கு

பெண்கள் என்று நான் கூறியது வேண்டுமென்றேதான். ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட சுமேரியக் களிமண் ஏடுகளில், நின்காசி என்னும் பெண் தெய்வம் பீரின் தலைவியாகப் போற்றப்படுகிறாள். இங்கிலாந்திலும் இடைக்காலத்தில் சோறு ஆக்குவதுபோல் வீட்டுப் பெண்களே ஏல் என்னும் பானத்தை ஆக்கினர். மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கு விற்றனர். ஹாப்ஸ் வந்தபின் பானம் நெடுநாள் கெடாமல் நின்றது. தொலைவுக்கு அனுப்ப முடிந்தது. பெரும் முதல் போட்டவர்கள் கைக்குத் தொழில் மாறியது.

அதன் பின் வந்ததுதான் நம் ரயில். லண்டன் மாநகரில் 1868-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் தண்டவாளங்கள் தரைமட்டத்துக்கு மேலே, இரும்புத் தூண்களின் மீது அமைந்தவை. கீழ்த்தளம் முழுவதும் பர்ட்டன் நகரிலிருந்து வரும் பீர்ப் பீப்பாய்களுக்கான கிடங்கு. தூண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைப் பீப்பாயின் அளவை வைத்தே நிலையத்தைக் கட்டிய பொறியாளர் பார்லோ முடிவு செய்தார். 2007-ஆம் ஆண்டு முதல் பாரிஸ் செல்லும் பயணிகள் அந்தக் கிடங்கின் வழியாகத்தான் வண்டி ஏறுகிறார்கள். சரக்குப் பிரிவில் இருக்கும் நம் நண்பர்களுக்கு இச்செய்தி இனிக்கும் என்று நம்புகிறேன்.

ஆலைகள் பெருகியபின் அரசாங்கம் வீட்டு அடுப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1880-ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் மால்ட் மீதிருந்த வரியை நீக்கி, பீரின் மீது வரி விதித்தார். வீட்டில் பீர் ஆக்குவோருக்கு உரிமம் வேண்டும் என்ற விதியும் வந்தது. அந்த விதியை 1963-ஆம் ஆண்டில் நிதியமைச்சர் மாட்லிங் நீக்கினார். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில்தான் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஆக்கும் பீருக்கு வரிவிலக்கு அளித்தது. வீட்டில் பிறந்த ஒரு கலை, வீட்டுக்குத் திரும்பி வரச் சட்டத்தின் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது!

அண்டை வீட்டாரும் நம் முன்னோரும்

நிற்க, நம் சந்திப்புக்கே திரும்புவோம். தானியத்தின் பூட்டைத் திறக்க உலகில் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பூஞ்சணத்தின் வழி. மற்றொன்று முளையின் வழி. ஹாப்லாங் மலைத்தடத்தில் வாழும் திமாசா மக்கள் முதல் வழியைப் பின்பற்றுகிறார்கள். அரிசி மாவுடன் மூலிகைப் பட்டை சேர்த்து வில்லைகளாக்கி உலர்த்தி, அவற்றைச் சோற்றுடன் கலந்து 'ஜூதிமா' என்னும் பானம் ஆக்குகிறார்கள். 2021-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாய்க்கும் காஞ்சிப் பட்டுக்கும் கிடைத்த அதே மதிப்பு அது.

திமாப்பூருக்கு அப்பால் கோஹிமா மலைகளில் வாழும் அங்காமி நாகர்களின் வழி முளையின் வழி. நெல்லை ஊறவைத்து முளைக்கவிட்டு, உலர்த்தி, உரலில் இடித்துக்கொள்கிறார்கள். அரிசிக் கூழை ஆறவைத்து, அம்முளைமாவைக் கலந்து, சில நாள் மூடி வைக்கிறார்கள். 'ஜுதோ' என்னும் வெண்ணிறப் பானம் கிடைக்கிறது. அதிலுள்ள சாராயச் சத்து, பீரை ஒத்து நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே.

இனி நான் கூறப்போவதைச் சற்றே உன்னிப்பாகச் செவிமடுக்க வேண்டுகிறேன். பத்துப்பாட்டினுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. ஐந்நூறு அடிகளைக் கொண்டது. வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்தைக் கூறும் இடத்தில், புலவர் ஒரு பானத்தின் செய்முறையையே சொல்லிவிடுகிறார். அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாய் அகன்ற கலத்தில் ஆறவிட வேண்டும். அதனோடு நெல்முளையை இடித்துச் சேர்க்க வேண்டும். அவ்வடியில் வரும் சொல்லுக்கு நெல்முளை என்றே உரைகாரர் பொருள் கொள்கிறார். பின்பு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முதிர்ந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். அதே நூலின் மற்றோர் இடத்தில், வீட்டிலேயே ஆக்கிய நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்ற பெயரும் வருகிறது.

பெருமக்களே, ஆறிய கூழ், இடித்த நெல்முளை, மூடிய சாடி, சில நாள் பொறுமை! கோஹிமா மலைப் பெண்மணி இன்று செய்வதற்கும் வலைஞர் குடியிருப்புப் பெண்மணி அன்று செய்ததற்கும் என்ன வேறுபாடு? ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்றார் என்று நான் சொல்லவில்லை. நெல் விளையும் இடத்தில், நெல் முளைப்பதைக் கண்ட கூர்மையான கண்கள் ஒரே உண்மையை எட்டியிருக்கலாம். நம் முன்னோர் செய்ததைச் சங்க நாகரிகம் என்று மேடையில் முழங்கிவிட்டு, அண்டை வீட்டார் செய்தால் காட்டுமிராண்டித்தனம் என்பது எந்த நியாயம்? ஒரே கணக்குக்கு இரண்டு பேரேடு வைத்தால் தணிக்கையில் பிடிபடாமல் போகுமா?

நிறுத்தும் இடம்

"அப்படியானால் குடிக்கலாமா?" என்று இளைஞர் ஒருவர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பெரும்பாணாற்றுப்படையை வைத்திருக்கும் அலமாரியிலேயே திருக்குறளும் இருக்கிறது. அதில் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே உண்டு. செய்முறையைப் பதிந்து வைத்ததும் தமிழ்தான்; எச்சரித்ததும் தமிழ்தான். ஜுதோ பிறந்த நாகாலாந்திலும், 1989-ஆம் ஆண்டில் சட்டமன்றம் முழு மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு கலையை மதிப்பது வேறு. அதன் விளைவுக்கு அடிமையாவது வேறு.

இங்கே ஒரு பெரும் குழப்பத்தையும் நீக்கவேண்டும். புளிக்கவைத்து ஆக்கும் தானிய மதுவும், அடுப்பிலேற்றி ஆவியாக்கி வடிக்கும் கள்ளச்சாராயமும் ஒன்றல்ல. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், நம் அஸ்ஸாமின் கோலாகாட், ஜோர்ஹாட் மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் நச்சுச் சாராயம் அருந்தி 150-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தினக்கூலி வாங்கும் ஏழைத் தொழிலாளிகள் அவர்கள். பெண்களும் அவர்களுள் இருந்தனர். மெத்தில் சாராயம் என்னும் நஞ்சு கண்ணைக் குருடாக்கும், உயிரைக் குடிக்கும். வேறுபாடு தெரியாமல் "எல்லாம் ஒன்றுதான்" என்று பேசுகிறவர், அறியாமலே அந்த நஞ்சுக்குத் துணைபோகிறார்.

ஆயினும் பீர் இலேசான பானம் என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். வண்டி ஓட்டும் நம் சகோதரர்கள் பணியேற்கும்போது மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதிய பின்னரே எஞ்சினில் ஏறுகிறார்கள். உள்ளே சென்றது பீரா, சாராயமா என்று அக்கருவி கேட்பதில்லை. ஒருவனுடைய கையில் ஆயிரம் பேரின் உயிர் இருக்கும் தொழில் நம்முடையது. மேலும், மது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒரு மாநிலத்தில் மலைமக்களின் மரபுக்கு அளித்த இடம், அங்கு வந்து குடியேறிய நமக்கும் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. குவார்ட்டர்ஸின் பின்கட்டில் பார்லி ஊறவைக்கும் ஆசை எவருக்கேனும் இருந்தால், அதனை இன்றோடு விட்டுவிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

அப்படியானால் இந்த அறிவால் நமக்கு என்ன பயன்? மிகப் பெரிய பயன் இருக்கிறது. சூடான நீரில் மால்ட்டின் மாவு சர்க்கரையாகிறது என்றேன் அல்லவா? அந்த இடத்தில் தடம் பிரிகிறது. ஈஸ்ட் சேர்த்தால் பீர். ஈஸ்ட் சேர்க்காமல் பாலுடன் கலந்து நீரை வற்றவைத்தால் மால்ட் பால்மாவு. பீருக்கு உதவும் அதே முளைப் பார்லியைக் கொண்டு, 1873-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு சகோதரர்கள் தொடங்கிய தொழில்தான் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் ஹார்லிக்ஸ்.

இதைவிடப் பெரிய செய்தி நம் நாட்டிலிருந்தே வந்தது. கைக்குழந்தைக்குக் கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்க முடியாது. நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறையும், சத்து சேராது. இந்தச் சங்கடத்துக்குப் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் ஒரு வழி காட்டினார்கள். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியில் முளைதானிய மாவைச் சிறிதளவு, நூற்றுக்கு நான்கைந்து பங்கு மட்டுமே, சேர்த்தால் போதும்; முளையின் நொதிகள் கஞ்சியைச் சில நிமிடங்களில் இளக்கிவிடுகின்றன. நீர் சேர்க்காமலே கஞ்சி இளகுவதால், ஒவ்வொரு கரண்டியிலும் குழந்தைக்குச் சத்து கூடுதலாகச் சேர்கிறது. பீர்ச் சாடியில் வேலை செய்த அதே சாவிதான் பாலாடைக் கஞ்சியிலும் வேலை செய்கிறது.

தாய்மார்களுக்குச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். கேழ்வரகைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை சற்றே தலைகாட்டும்வரை ஒன்றிரண்டு நாள் வையுங்கள். துணியைச் சுத்தமாக வைத்திருங்கள். பூஞ்சணம் பிடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்து, இலேசான சூட்டில் மட்டும் புரட்டியெடுத்து அரையுங்கள். மணம் வரட்டும் என்று சிவக்க வறுத்தால் நொதி செத்துப்போகும். சுவை இருக்கும், சாவி இருக்காது. இந்த மாவைக் காய்ச்சிய கஞ்சியில், கொதி அடங்கியபின், கை பொறுக்காத சூடு இருக்கும்போதே கலக்கிச் சில நிமிடம் விடுங்கள்; கஞ்சி இளகியதும் மறுபடி ஒரு கொதி கொதிக்கவிட்டு இறக்குங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையுடன் கேட்டீர்கள். நான் வேண்டுவது இரண்டே. ஒன்று, கூடையில் கீரையும் இஞ்சியும் கொண்டுவந்து நம் காலனிச் சந்தையில் உட்காரும் மலைநாட்டு அம்மையாரைப் பார்க்கும்போது, அவர் வீட்டுச் சாடியில் இருப்பது நம் பாட்டிமார்களும் அறிந்திருந்த ஓர் அறிவு என்பதை எண்ணிப் பாருங்கள். ஏளனச் சொல் தானே அடங்கிவிடும். மற்றொன்று, அந்த அறிவில் நம் குழந்தைகளுக்கு வேண்டிய பகுதியைக் கைவிடாதீர்கள். கடையில் விலை கொடுத்து டப்பாவில் வாங்கும் சத்துமாவின் சாவி நம் அடுக்களையிலே, ஒரு பிடி கேழ்வரகில், ஈரத்துணிக்குள் இருக்கிறது.

என் சிற்றறிவுக்கு எட்டியதைக் கூறினேன்.